பொடிக்காய்கள் போன வழி

கொரோனா அடங்கிய மறு ஆண்டு ஆனி மாதத்திலிருந்து, போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி ராஜமணி மறந்துபோன ஒவ்வொன்றும் மறுநாள் காலையில் அவருடைய தலையணையின் மேல் ஓர் ஏலக்காயாகக் கிடந்தது. சிறியதை மறந்தால் சிறிய காய். பெரியதை மறந்தால் பருத்த காய். அந்த ஆண்டு மலையில் மழை பிந்தியதால் சந்தைக்குக் காய் வரத்து குறைவு. ராஜமணியின் வீட்டில் மட்டும் வரத்து குறையவில்லை.

அவருடைய மனைவி கிருபாவதிக்கு முதலில் இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. ஏலக்காய் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். கல்யாணமான நாள் முதல் படுக்கையிலிருந்தும், சட்டைப்பையிலிருந்தும், ஒருமுறை வேதபுத்தகத்தின் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவிலிருந்தும் காய்களைப் பொறுக்கியிருக்கிறார். ஆகவே தலையணைக் காய்களையும் உள்ளங்கையில் அள்ளி, அடுப்படி மாடத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டுவந்தார். ஒரு காலையில் டப்பாவில் காய் தீர்ந்திருக்கவே, அந்தக் கிண்ணத்திலிருந்து ஒன்றைத் தட்டித் தேநீரில் போட்டார். முதல் மிடறு உள்ளே இறங்கியதும், கடைச் சாவியைப் பெரிய தராசின் பின்னால் ஆணியில் மாட்டியது நினைவுக்கு வந்தது. அதை மாட்டியவர் அவர் அல்லர். முந்தின நாள் முழுக்கச் சாவியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டியவர் ராஜமணி. கிருபாவதி கடைக்கு ஆள் அனுப்பினார்; சாவி ஆணியில் இருந்தது. அவருக்கு வியப்பைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. மிச்சத் தேநீரையும் ஆறுவதற்குள் குடித்து முடித்தார்.

வியப்பு பின்னால் வந்தது. வந்தபோது அச்சத்தையும் கையோடு அழைத்துவந்தது. போடிக் கடைவீதியில் வாய்ச்சொல்லை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. சொன்ன சொல்லே நினைவில் நிற்காதவர் என்று ஒரு வியாபாரிக்குப் பெயர் வந்துவிட்டால், அதன்பின் அவர் கடைப்படியை எவரும் மிதிக்கமாட்டார்கள். எனவே மகன் விஜய்ராஜ் கடையைப் பார்த்துக்கொண்டான். கிருபாவதி கணவரை மறைத்துக்கொண்டார். தேடி வந்தவர்களிடம் அவர் ஏலத்துக்காக வண்டன்மேட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அது முடியாதபோது குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, ஒருவரிடம் அதையும் இன்னொருவரிடம் இதையும் சொல்லிவிட, கடைவீதியில் சந்தித்துக்கொண்ட அந்த இருவரும் ராஜமணி வண்டன்மேட்டில் போய்க் குளிக்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் டாக்டர் சுபாஸ்ரீ தேனிப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்திருந்தார். தேவதானப்பட்டிக்காரர். மதுரையிலும் பெங்களூரிலும் படித்து, முதுமையில் மூளைக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பெரிய நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்பதன அறையும் நாற்காலியும் இருந்தும் அவற்றை விட்டுவிட்டு, தேனியில் ஓர் உரக்கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, பழைய வேன் ஒன்றில் லோயர் கேம்ப் முதல் போடி வரை ஊர் ஊராக ஞாபக முகாம் நடத்தினார். அறுபதைத் தாண்டியவர்களை ஆண்டுக்கொரு முறை பார்த்து, ரத்தம் எடுத்து, நடையை அளந்து, காது கேட்கும் திறனைச் சோதித்து, அவர்களின் நினைவு எப்படியிருக்கிறது என்று பதிவு செய்வது அவர் வேலை. தலைக்கு எது நல்லது என்று கேட்டு வந்தவர்களிடம் அவர் காலைப் பற்றியும், காதைப் பற்றியும், ரத்த அழுத்தத்தைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் பேசினார். நட, காது மந்தமானால் கருவி வை, அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கு, நாலு பேரோடு பேசு என்று அவர் சொன்னபோது, இதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களுக்கும் அவர் அழுத்தம் பார்த்தார்.

வெளிநாட்டுச் சோதனைத் தாளில் கடிகாரம் ஒன்று வரையச் சொல்லியிருந்தது. பள்ளத்தாக்கில் பென்சிலையே பிடிக்காத கைகள் பல. கடிகாரம் வரையத் தெரியாதவரெல்லாம் நோயாளி என்றால் பாதி ஊர் நோயாளியாகிவிடும் என்று கண்ட சுபாஸ்ரீ, லோயர் கேம்பிலிருந்து தேனி வரை பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று கேட்கத் தொடங்கினார். அதற்கு எழுத்து வேண்டியதில்லை. பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் அது மூச்சுவிடுவதுபோல வரும். வராதபோதுதான் கவலைப்பட வேண்டும்.

போடி ஆலயத்தில் ஆராதனை முடிந்த ஒரு ஞாயிறு, பக்கத்து மண்டபத்தில் முகாம் நடந்தது. கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கிருபாவதி கணவரை அழைத்துப் போனார். ராஜமணி நேராக உட்கார்ந்து, லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று சொல்லிவந்து, அங்கே நின்றார். அடுத்த ஊர் வரவில்லை. மிகுந்த பணிவோடு, "பஸ்ஸு கம்பத்துல நின்னு போச்சும்மா. டிரைவரு டீ குடிக்கப் போயிருப்பாரு" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. வரட்டும், காத்திருப்போம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதுரையில் ஸ்கேன் எடுத்த பிறகு, அல்சைமர் என்ற பெயரைக் கிருபாவதியிடம் மறைக்காமல் சொன்னார். தலை நரைப்பது வயது, வீட்டு வழி மறப்பது நோய் என்றார். போனதைத் திருப்பித் தரும் மருந்து இதுவரை இல்லை என்றார். ஆனால் இருப்பதை நல்லபடியாக வைத்துக்கொள்ள நிறையச் செய்யலாம் என்றும், அதில் முதலாவது ஒளித்து வைக்காமல் இருப்பது என்றும் சொன்னார். கிருபாவதி இந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டு நடந்தார். ஆனால் டாக்டரிடம் மட்டும் எதையும் ஒளிக்கவில்லை. காய்களைக் காட்டினார்.

சுபாஸ்ரீ ஒரு காயை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஏலக்காய், நல்ல தரம், ஈரப்பதம் சற்று அதிகம் என்று அறிக்கை வந்தது. இன்னொன்றைத் தம் அறையிலேயே தேநீரில் போட்டுக் குடித்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக ஏலக் கூடத்துக்குள் நுழைந்த ஒரு பையனின் வியர்வையும் பெருமையும் அவருக்குள் வந்து நின்றன. டம்ளரைக் கீழே வைத்தார். ஆராய்ச்சிக்காரர்களுக்கு நம்புவது அவ்வளவு எளிதன்று. ஆனால் குடித்ததைக் குடிக்கவில்லை என்று சொல்லும் ஆராய்ச்சிக்காரர் அவர் அல்லர்.

"அம்மா, ஒன்னுகூட விட்றாதீங்க. எல்லாத்தையும் பத்திரமா வைங்க" என்றார்.

கிருபாவதி அப்படியே செய்தார், போடிக்காரர்கள் செய்யும் முறையில். போடியில் ஏலக்காயைப் பத்திரப்படுத்துவது என்றால் சலிப்பது என்று பொருள். எட்டு எம்.எம். சல்லடையில் போட்டு ஆட்டினால் பருத்த காய் மேலே நிற்கும். பொடிக்காய் கீழே விழும். பருத்தது பெட்டிக்கு, பொடி டீக்கடைக்கு. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இதைத்தான் அவர் கைகள் செய்திருக்கின்றன. எனவே தினமும் காலையில் தலையணைக் காய்களைச் சலித்து, நின்றவற்றை எவர்சில்வர் தூக்கில் அடைத்தார். விழுந்தவற்றைக் கடைக் கூடையில் கொட்டினார். முந்தாநாள் என்ன குழம்பு, செருப்பை எங்கே கழற்றினோம் என்பது போன்ற சில்லறை மறதிகளைத் தூக்கில் அடைத்து யாருக்கு என்ன பயன்? விஜய்ராஜ் அந்தப் பொடியை மற்றச் சரக்கோடு கலந்து, தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரையிலான டீக்கடைகளுக்கு வழக்கம்போல அனுப்பிவந்தான்.

தூக்கில் இருந்த காய்களைக் கிருபாவதி சிக்கனமாகச் செலவழித்தார். கிறிஸ்துமஸ் அன்று ஒன்றைத் தட்டிக் கணவருக்குத் தேநீர் கொடுத்தால், நாக்கில் மணம் இருக்கும்வரை அவர் பழைய ராஜமணியாகப் பேசுவார். மற்றவர் குடித்தால் நினைவு தங்கிவிடும்; அவருக்கு மட்டும் மணம் போனதும் அதுவும் போகும். ஒரு காய்க்கு ஒருமுறைதான். அடுத்த ஆண்டு ஐப்பசியில், மழை கொட்டிய ஒரு மாலையில், ராஜமணி நாற்காலியை விட்டு எழுந்து கிருபாவதியைக் கும்பிட்டார்.

"நீங்க யாரும்மா? எங்க வீட்டுக்காரி இங்கனதான் இருந்தா. எங்கிட்டுப் போயிருக்கான்னு தெரியலை."

"வந்துருவாக. உக்காருங்க" என்றார் கிருபாவதி.

அன்றிரவு அவர் அழவில்லை. விடிந்தால் தலையணையில் என்ன கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மனிதன் தன் மனைவியை மறந்தால் அந்தக் காய் நெல்லிக்காய் அளவாவது இருக்க வேண்டாமா? அதை ஒருநாள் தட்டிப் போட்டால், ஒரு டம்ளர் தேநீர் ஆறும் வரைக்காவது அவர் தன்னைத் தானாகப் பார்ப்பார். அந்த ஒரு டம்ளருக்காக எத்தனை காலமும் காத்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே படுத்தார். விடிந்தது. தலையணையில் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்கள் கிடந்தன, எல்லாம் பொடி. கைகள் பழக்கத்தில் அவற்றைச் சலித்துக் கூடையில் கொட்டிவிட்டன. கண்கள் மட்டும் பெரிய காயைத் தேடின. உறையைக் கழற்றி உதறினார், கட்டிலை நகர்த்தினார், பாயைப் புரட்டினார். இல்லை. பிறகு தூக்கைத் திறந்து, ஒவ்வொரு காயாகக் கீறி முகர்ந்தார். ஏலத்தில் வென்ற நாள் இருந்தது. மலைச்சரிவில் லாரியோடு சிக்கிய இரவு இருந்தது. தகப்பனாரின் அடக்கம், புதுக்கடைத் திறப்பு, மகன் பிறந்த செய்தி எல்லாம் இருந்தன. அவற்றின் ஓரங்களில் டம்ளரை ஏந்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள். எந்தக் காயும் அவளுடையதாக இல்லை.

கிருபாவதி தேனிக்குப் பஸ் ஏறி, உரக்கடை மாடிக்குப் போய், டாக்டரின் எதிரே உட்கார்ந்தார்.

"இத்தன வருசம் கூட இருந்து, அவுக மனசுல ஒரு காய் அளவுக்குக்கூட நான் இல்லையே டாக்டரம்மா."

சுபாஸ்ரீ தூக்கை எட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே பெருசா இருக்கே. பொடியெல்லாம் எங்கம்மா?"

"பொடியா? அது கடைக்குப் போயிரும்ல."

இப்படிச் சொன்ன பிறகுதான் தாம் சொன்னது கிருபாவதியின் காதில் விழுந்தது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. சில மாதங்களாக முகாம்களில் அவரைத் திகைக்க வைத்த ஒன்று அப்போது அவருக்குத் துலங்கியது. தமக்கு நடக்காதது நினைவுக்கு வருகிறது, மூளை கலங்கிவிட்டதா என்று பயந்து ஊருக்கு நாலு பேராவது வந்துகொண்டிருந்தார்கள். சோதித்தால் ஞாபகம் எல்லோருக்கும் சுத்தமாக இருந்தது. அவர்கள் சொன்ன பஸ் நடுவழியில் நின்றுபோகாமல் தேனி வந்து சேர்ந்தது. எல்லோரும் டீக்கடைக்குப் போகிறவர்கள்.

"நாளைக்குச் சுருளிப்பட்டில முகாம். என்கூட வாங்கம்மா" என்றார்.

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் முகாம் போட்டிருந்தார்கள். வரிசையில் முதலில் நின்ற அழகுமலை அந்தத் தோட்டத்துக்காரர், கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர், தேவாலய வாசலைக்கூட மிதித்தறியாதவர். இருந்தும், நீண்ட ஜெபம் நடக்கும்போது பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதும், 'ஆமென்' சொல்லும் நேரத்துக்குச் சரியாக அவளை முழங்கையால் இடிக்க வேண்டியிருப்பதும் அவருக்கு ஞாபகம் வந்துகொண்டேயிருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் முழங்கை தானாக அசைகிறது என்று அவர் டாக்டரிடம் முறையிட்டபோது, பின்னால் நின்ற கிருபாவதியின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. அழகுமலை திரும்பி அவரைப் பார்த்தார். நெடுநாள் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்கதானா அது? பாதிரி ஐயரு ஜெபத்தைச் சுருக்கமா முடிச்சா என்னக்கா? மனுசர் தூங்காம என்ன செய்வாக" என்றார். டாக்டர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஞாபகத்தில் பழுதில்லை, அழுத்தம்தான் எகிறிக் கிடக்கிறது என்று மாத்திரை எழுதினார்.

அடுத்த வாரம் லோயர் கேம்ப். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் குழாய்களில் இறங்கி மின்சாரமாகிப் பின் வாய்க்காலாக ஓடும் இடத்துக்கருகே டீக்கடை வைத்திருந்த அய்யம்மாள், கிருபாவதியைக் கண்டதும் கையிலிருந்த வடிகட்டியை வைத்துவிட்டு வந்து அவர் எதிரே நின்றார். அவருக்கு வந்த ஞாபகத்தில் ஒரு பெண், மூத்த பிள்ளை தங்காமல் போன வருடத்தில், மிக்சி ஓடும்போது மட்டும் அழுவாள். மிக்சி நின்றால் அழுகையை நிறுத்திவிடுவாள். வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா வெளிய ஒருத்தர் நின்னுகிட்டிருந்தாரு ஆத்தா. மிக்சி நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, கடலைய அள்ளிட்டு வருவாரு, மிளகாய அள்ளிட்டு வருவாரு. இதையும் கொஞ்சம் அரைச்சிருன்னு குடுத்துட்டு, மறுபடி வெளிய போய் நின்னுக்குவாரு. நீ அழுது முடிக்கிற வரைக்கும் அரைக்கச் சரக்கு குடுத்துக்கிட்டே இருந்தாரு."

கிருபாவதிக்கு அந்த வருடம் நினைவிருந்தது. அந்த வருடம் முழுக்க அவர்கள் வீட்டில் பொடி வகைகளுக்குக் குறைவே இல்லை. இந்த மனுசனுக்கு இருக்கிற துக்கத்தில் நாக்கு மட்டும் இப்படிக் கேட்கிறதே என்று அவர் மனத்துக்குள் வெறுத்துக்கொண்டே அரைத்திருந்தார். இப்போது அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார். அய்யம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் இரைச்சலாக ஓடும் பக்கமாக அவரைத் திருப்பிவிட்டார். சத்தம் இருக்கும் இடம்தான் இவருக்கு வசதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் விரைவாகப் போயின. லோயர் கேம்பிலிருந்து அன்று வீடு திரும்பிய கிருபாவதி, ராஜமணி எங்கே என்று கேட்ட முதல் ஆளிடம், உள்ளேதான் இருக்கிறார், அவருக்கு ஞாபகக் குறைவு நோய், வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றார். வந்தார்கள். சல்லடையை விளக்கித் துடைத்துப் பரணில் போட்டார். தூக்கிலிருந்த பருத்த காய்களையும் கடைக் கூடையில் கொட்டி, பிரிக்காமல் அனுப்பச் சொன்னார். ஏலத்தில் வென்ற நாளும் மலைச்சரிவு இரவும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் எவர் எவருக்கோ வந்து சேர்ந்தன. பத்திரமாக வைக்கச் சொன்ன சுபாஸ்ரீ, இதைவிடப் பத்திரமான இடம் தமக்கும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். தமக்கு வந்த ஞாபகம் தம்முடையதுதானா என்று தெரிந்துகொள்ள ஊர் ஊராக மக்கள் முகாமுக்குத் திரண்டார்கள். அப்படி வந்த இடத்தில் அழுத்தமும் சர்க்கரையும் காது மந்தமும் கண்டறியப்பட்டன. சிலருக்கு நோயின் முதல் அடியும் தென்பட்டது. உரிய காலத்தில் தென்பட்டது. ஒளித்து வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. வேனில் டாக்டருக்குப் பக்கத்து இருக்கை கிருபாவதிக்கு என்று ஆனது. பின்னிருக்கையில் ராஜமணி வருவார். மாலையானால் முகாமுக்கு வந்தவர்களோடு சேர்ந்து நடப்பார், கீர்த்தனை பாடுவார். அதில் ஒரு சொல்லும் அவருக்கு மறக்கவில்லை. சுபாஸ்ரீ தம் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டபோது, பஸ் ஊர்களைக் கேட்டு நினைவைச் சோதிக்கும் முறையைப் பல மாநிலத்தார் பாராட்டினார்கள். ஏலக்காயைப் பற்றி அதில் எழுதவில்லை. எந்த முடிவையும் வேறு ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. வேறு மாவட்டங்களுக்கு ராஜமணி இல்லை.

போன தை மாதத்தில் மலை மேலுள்ள போடிமெட்டில் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு முகாம் ஏற்பாடாயிற்று. வேன் பழுதாகிவிட்டதால் டாக்டர் முன்கூட்டியே ஜீப்பில் போய்விட, கிருபாவதியும் ராஜமணியும் பஸ்ஸுக்குப் போனார்கள். மலை வளைவுகளில் கிருபாவதிக்குக் குடலைப் புரட்டும். அதற்காகவே பல வருடங்களாக அவர் மலை ஏறவில்லை. பஸ் நிறைந்திருந்தது. முன் பின் அறியாத கண்டக்டர் முத்துக்குமரன் அவரைப் பார்த்ததும், சன்னலோரம் இருந்தவரை எழுப்பிவிட்டார்.

"இங்கன உக்காருங்கம்மா. மூணாவது வளைவு வரைக்கும் ஒன்னும் செய்யாது. அதுக்கப்புறம் இதை மோந்துக்கங்க" என்று, தோல்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். எதற்காக அதைக் கொஞ்ச நாளாகப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ராஜமணி இதையெல்லாம் மரியாதையோடு பார்த்துக்கொண்டு அடுத்த இருக்கையில் அமர்ந்தார். பஸ் ஏறத் தொடங்கியதும் கிருபாவதியின் பக்கம் சாய்ந்து பேசினார்.

"போற பக்கமெல்லாம் உங்களை இப்பிடித் தாங்குறாகளே. உங்க வீட்டுக்காரவுக யாரும்மா?"

"வியாபாரிங்க."

"எங்கன இருக்காக?"

மூன்றாவது வளைவு திரும்பியது. கிருபாவதி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கீழே போடியும், அதற்கப்பால் தென்னந்தோப்புகளும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூரைகளும் காலை வெயிலில் கிடந்தன.

"அங்கனதான். அது பூராவும்."

ராஜமணி எட்டிப் பார்த்தார். வலமும் இடமும் நிதானமாகப் பார்த்தார்.

"அம்புட்டுப் பெரிய ஆளா" என்று சொல்லி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பஸ் நான்காவது வளைவில் ஏறியது. கிருபாவதிக்குக் குமட்டவில்லை.